நானூற்றுப் பதிமூன்றை யாரும் தொடக்கூடாது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடேலா குச்சேரா தன் கருவிப் பெட்டியின் இரண்டாம் இழுப்பறையைத் திறந்து எண்ணினாள். ஒரு குழி காலி. விரல் வைத்து மறுபடியும் எண்ணினாள். அப்போதும் காலி. குட்டை ஸ்க்ரூ டிரைவரைக் காணோம்.

வேறு ஊராக இருந்தால், 'எங்கேயாவது கிடக்கும், திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று இழுப்பறையைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். நெப்ராஸ்காவில் எங்கள் பிளம் ஃபோர்க் அந்த ரகம் இல்லை. ஆர்லன் ஃபீல்டு விமானப்படைத் தளம் மூடி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஓடுபாதையின் பாதியில் சோளம் விளைகிறது. மூன்றாம் விமானக் கொட்டகை வான், விண்வெளி அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ஆனால் தளத்தின் பழக்கம் மட்டும் ஊரை விட்டுப் போகவே இல்லை. இங்கே கல்யாண வீட்டில் பந்தி முடிந்தாலும் கரண்டியை எண்ணித்தான் அடுக்குவார்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய குழி உண்டு. வேலை தொடங்கும்போது எண்ண வேண்டும், முடியும்போது எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது விமானத்துக்குள் கிடக்கிறது என்றே அர்த்தம். விமானத்தின் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். குறி விழுந்துவிட்டால் தளபதியே வந்து நின்றாலும் விமானம் நகராது. பொருள் கிடைத்து, உரியவர் கையெழுத்துப் போட்டால்தான் விடுதலை.

அடேலா சிவப்புப் பேனாவை எடுத்தாள். நானூற்றுப் பதிமூன்றாம் எண் போர் விமானத்தின் பதிவேட்டில் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள். ஒரு கயிற்றைக் கட்டி, அட்டையில் கொட்டை எழுத்தில் 'யாரும் தொடக்கூடாது' என்று எழுதித் தொங்கவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் ரமோனா எஸ்கிவெல் ஓடி வந்தாள். அருங்காட்சியகத்தின் நிர்வாகி அவள்தான். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், நல்ல மனுஷி, ஆனால் படையில் இருந்தவள் இல்லை.

"அடேலா, இது என்ன கயிறு?"

"கருவி ஒண்ணு குறையுது."

"நாளைக்குப் பத்து மணிக்கு இந்த விமானத்துக்குத் திறப்பு விழா! பேண்டு வாத்தியம் வருது, மேயர் வர்றார், கர்னல் ப்ரூவிட் அரிசோனாவிலேர்ந்து மெனக்கெட்டு வந்து இறங்கிட்டார். எண்பத்தெட்டு வயசு அவருக்கு!"

"வரட்டும். வந்து கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்."

"இதுல எஞ்சினே கிடையாது, அடேலா. இது பறக்கவே போறதில்ல."

"எஞ்சின் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குழிக்குள்ள குனிஞ்சு பெயின்ட் அடிச்சது யாரு? நாளைக்கு உள்ள ஏறி உக்காரப்போறது பச்சப் புள்ளைங்க. கூரா ஒரு இரும்பு எங்க கிடக்குன்னு தெரியாம நான் ஏத்த மாட்டேன்."

ரமோனா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிள்ளைகள் என்றதும் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஆனால் பிள்ளைகள் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அந்த நேரத்தில் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தது.

டுவேன் ஹாஃப்னர் எழுபது வயதிலும் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு திரிகிற ஆள். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது அவன் வேலை. நானூற்றுப் பதிமூன்றின் பக்கவாட்டில், விமானியின் பெயருக்குக் கீழே, விமானப் பொறுப்பாளர் என்று வெள்ளை எழுத்தில் இருப்பது அவன் பெயர்தான். எங்கள் ஊர்க் கணக்கில் அது சாதாரண விஷயம் இல்லை. விமானம் விமானிக்குச் சொந்தமில்லை, அவர் ஒன்றரை மணி நேரம் இரவல் வாங்கிப் போகிறவர். சொந்தக்காரர் பொறுப்பாளர். அவரைத்தான் பெயர் சொல்லாமல் 'சீஃப்' என்று கூப்பிடுவார்கள்.

அவன் பெயர் இருக்கிற அந்த இடத்தில் முதலில் இருந்தது அடேலாவின் பெயர்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் டுவேன், கயிற்றைப் பார்த்ததும். "அம்மா தாயே, நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஒரே விமானத்துக்கு ரெண்டு தடவ வேட்டு வைக்கிறியே, உனக்கே இது நல்லா இருக்கா?"

"யோவ், நீ போய் மீசைக்கு எண்ணெ தடவு."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே எண்ணிய இழுப்பறையை இன்னொரு தடவை எண்ணினாள். ரமோனாவுக்கு முழுசாகத் தெரியாத அந்தப் பழைய கதை இதுதான்.

எழுபத்தொன்பதாம் வருடம் அடேலாவுக்கு இருபத்திரண்டு வயது. அந்தத் தளத்தில் ஒரு போர் விமானத்துக்குப் பொறுப்பாளரான முதல் பெண். பெயர் எழுதிய அன்றைக்கு அவள் அப்பா அறுவடையை விட்டுவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்தார். நாலு மாதம்கூட ஆகவில்லை. தலைமையகத்திலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்திருந்த நாளில், எண்ணிப் பார்த்தால் அவள் பெட்டியில் ஒரு சின்ன ஸ்பேனர் குறைந்தது. பக்கத்து விமானத்தில் வேலை பார்த்த டுவேன் தன் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டினான். "இந்தா, உன் குழியில வை. ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொன்னான் என்று சொல்ல முடியாது. எல்லாரும் அரசல்புரசலாகச் செய்கிற காரியம்தான்.

அடேலா வாங்கவில்லை. சிவப்புக் குறி போட்டாள். பதினாலு மணி நேரம் விமானத்தைக் கழற்றிப் போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அன்று லெப்டினன்ட் கர்னலாக இருந்த ப்ரூவிட்தான் படைப்பிரிவின் தலைவர். ஒரு விமானம் குறைந்ததால் சோதனையில் அவருக்கு மதிப்பெண் போயிற்று. 'பொருள் விமானத்தில் இல்லை' என்று எழுதி, மேலதிகாரி என்ற முறையில் அவரே கையெழுத்துப் போட்டு விமானத்தை அனுப்பினார். அடுத்த வாரம் அடேலா டயர் பட்டறைக்கு மாற்றப்பட்டாள். அவள் பெயரைச் சுரண்டிவிட்டு டுவேன் பெயரை எழுதினார்கள். விமானம் ஒன்பது வருடம் ஒரு குறையும் இல்லாமல் பறந்தது. 'பாத்தியா, ஸ்பேனரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மூன்று வருடம் டயர் மாற்றினாள். படையை விட்டு வந்து முப்பது வருடம் டிராக்டர் பழுது பார்த்தாள். எங்கள் மாவட்டத்தில் அவள் கை படாத அறுவடை இயந்திரம் கிடையாது. அதில் எல்லாம் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரே கேள்விதான் உள்ளே கிடந்து அறுத்தது. அன்றைக்கு நான் செய்தது சரியா, அல்லது நான் கிறுக்கியா?

எங்கோ ஒரு நகராட்சி வாசலில் தூண் மேல் இருபது வருடம் வெயிலில் காய்ந்த நானூற்றுப் பதிமூன்றை எங்கள் அருங்காட்சியகம் கொண்டுவந்தபோது, அதைச் செப்பனிட முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தவள் அவள். முதல் வாரமே டார்ச் அடித்து இண்டு இடுக்கெல்லாம் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இரண்டு குளிர்காலம் துருவைத் தேய்த்தாள்.

அவள் இறக்கைக்கு அடியில் மல்லாந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போதே டுவேன் கூட்டத்தைக் கூட்டி வந்து கதை சொல்வான். "இந்த விமானத்துல ஒரு கூத்து நடந்தது. ஒரு பொண்ணு, பாவம், ஒத்த ஸ்பேனருக்காக மொத்தப் படையையும் நிறுத்திட்டா. கடைசியில அது அவ வீட்டு அடுப்படியில கிடந்திருக்கும்!" கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பெயர் சொல்ல மாட்டான். அந்த ஒரு நாகரிகம் மட்டும் உண்டு.

இப்போது இந்த ஸ்க்ரூ டிரைவரும் கிடைக்காமல் போனால் அதே சிரிப்பை ஊரே கூடிச் சிரிக்கும். அது அடேலாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கயிற்றைக் கட்டினாள்.

அன்று ஆறு மணிவரை தேடினார்கள். முன் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார்கள். இல்லை. ரமோனா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாள். அடேலா வீட்டில் சூப்பைச் சூடு பண்ணி, சாப்பிடாமல் அப்படியே மூடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் மூன்று பேரும் திரும்பக் கொட்டகையில் இருந்தார்கள். ரமோனா ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி பன் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தாள். ஏழரை மணிக்குப் பின் இருக்கையும் வெளியே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அதன் அடித் தளம் மட்டும்தான். அது ரிவெட் அடித்து மூடியது, திறக்க வழி கிடையாது. நீர் வடிகிற ஓட்டை ஒன்று உண்டு, கட்டைவிரல் அகலம்.

"இதுக்குள்ள விழுந்திருந்தா எப்படிப் பாக்குறது?" என்றாள் ரமோனா.

டுவேன் மீசையைத் தடவிக்கொண்டு எங்கோ பார்த்தான். படையை விட்டு வந்ததும் அவன் செய்த தொழில் குழாய் அடைப்பு எடுப்பது. நீளமான கம்பியின் நுனியில் குட்டிக் கேமரா வைத்து ஊர்ச் சாக்கடையெல்லாம் பார்த்தவன். அது அவன் வண்டியில்தான் எப்போதும் இருக்கும். அடேலாவுக்கும் அது தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அவனிடம் போய் ஒன்றைக் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

மணி எட்டு ஆகிக்கொண்டிருந்தது.

"டுவேன்," என்றாள். "உன் சாக்கடைக் கேமராவக் குடு."

"காதுல சரியா விழல."

"குடுங்க சார். தயவு பண்ணி."

"அப்படி வா வழிக்கு!" என்று துள்ளிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அந்த இளக்காரம் கொஞ்சம் குறைந்திருந்தது. "கேட்டிருந்தா எப்பவோ தந்திருப்பேன்ல" என்று முணுமுணுத்தான்.

கம்பியை ஓட்டைக்குள் விட்டான். திரையில் தூசி தெரிந்தது. காய்ந்த குளவிக்கூடு ஒன்று. யாரோ மென்று போட்ட சூயிங்கம் காகிதம். கம்பி ஒரு விலா எலும்பு போன்ற தகட்டைச் சுற்றி வளைந்து அதன் பின்பக்கம் போனது. ஏதோ பளிச்சென்றது.

"கிடைச்சிருச்சு!" என்று டுவேன் கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. "இருக்குடி அம்மா, இருக்கு! வரச் சொல்லுங்க பேண்டு வாத்தியத்த!"

அடேலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஸ்க்ரூ டிரைவர் இல்ல" என்றாள் மெதுவாக.

ஸ்க்ரூ டிரைவருக்கு வாய் பிளந்திருக்காது. இதற்குப் பிளந்திருந்தது.

கம்பி நுனியில் காந்தத்தை மாட்டி, ஐந்து தடவை நழுவவிட்டு, ஆறாவது தடவை வெளியே எடுத்தார்கள். பழைய கிரீஸ் கெட்டியாகி அதன்மேல் கறுப்பாய் ஒட்டியிருந்தது. அடேலா பெருவிரலால் துடைத்தாள். அவளே ஊசிமுனையால் செதுக்கிய எழுத்து: 22-9. இருபத்திரண்டாம் பெட்டி, ஒன்பதாம் கருவி.

அடேலாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. "இருந்துச்சு" என்றாள். "இங்கயேதான் இருந்துச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டாரு, 'நீ எங்கயும் கைமறதியா வச்சுட்டியாடி'ன்னு. இருந்துச்சுப்பா."

டுவேன் ஏணிப்படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். ஸ்பேனர் கிடந்த இடத்தை அவன் திரையில் பார்த்திருந்தான். விமானியின் கைப்பிடியிலிருந்து வால்வரைக்கும் போகிற தண்டு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. இடைவெளி இரண்டு விரல் அகலம். கிரீஸ் பிடித்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். அது ஒருநாள் இளகி நகர்ந்து தண்டில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒன்பது வருஷம்" என்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது. "எத்தன பேர ஏத்தி அனுப்பினேன் இதுல. ஒவ்வொருத்தனுக்கும் நான்தான் சல்யூட் அடிச்சு அனுப்பினேன்." ஸ்பேனரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உன்ன வச்சு ஜோக் வேற அடிச்சேனே, அடேலா" என்றான். "என் பேர அழிச்சிரு. இப்பவே அழிச்சிரு."

"உன் பேரு இருக்கட்டும்யா. நீ வச்சிருந்த வரைக்கும் ஒழுங்காத்தான் வச்சிருந்த. ஆனா அந்தக் கதைய இனிமே ஒழுங்காச் சொல்லு. பதினாலு மணி நேரம். பதினாலு. நீ பத்துன்னு சொல்ற."

ரமோனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பதேகால்! கடவுளே, சரியான நேரம். கயித்த அவுக்கட்டுமா?"

"எதுக்கு?" என்றாள் அடேலா.

"எதுக்கா? கிடைச்சிருச்சே!"

"கிடைச்சது பழசு. நேத்து தொலைஞ்சது எங்க?"

ரமோனா அவளையே பார்த்தாள். டுவேன் முதலில் பல்லைக் கடித்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான், சிரிப்பு ஓய்ந்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அவ சொல்றதுதான் சரி. குறி நிக்குது" என்றான்.

பத்து மணிக்கு வெளியே முந்நூறு பேருக்குக் குறையாது. பேண்டு வாத்தியக்காரர்கள் வெயிலில் நெளிந்தார்கள். டுவேன் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான். வழக்கமாக ஒரு கை மீசைக்குப் போகும், அன்று போகவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எழுபத்தொன்பதுல இந்த விமானத்துல ஒரு ஸ்பேனர் தொலைஞ்ச கதைய உங்கள்ல பாதிப்பேருக்கு நான் சொல்லியிருப்பேன். தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பேரு சார்ஜென்ட் அடேலா குச்சேரா. அவ சொன்ன விமானத்துல, அவ சொன்ன மாதிரியே, அந்த ஸ்பேனர் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நாங்க எங்க கையாலயே வெளிய எடுத்தோம்." ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினான். "பொய்க் கணக்குக் காட்டச் சொல்லி அவளுக்கு ஒருத்தன் வேற ஸ்பேனர் குடுத்தான். அது நான்தான். அவ வாங்கல."

முன்வரிசையில் கர்னல் ப்ரூவிட் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"அப்புறம் இன்னொரு சேதி," என்றான் டுவேன். "நேத்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொலைஞ்சுபோச்சு. விமானத்துல சிவப்புக் குறி இருக்கு. சீஃப் இன்னும் விடல. அதனால யாரும் உள்ள ஏற முடியாது. எவ்வளவு நேரம் ஆகும்னும் தெரியாது."

மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் லிங்கன் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. தளத்தின் உணவுக்கூடத்தில் இருபது வருடம் சமைத்த ஒரு பெரியம்மா, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதட்டினாள்.

"நின்னு என்னத்த வேடிக்க பாக்குறீங்க? வரிசையில நில்லுங்கய்யா!"

அவ்வளவுதான். தளம் இருந்த காலத்தில் திங்கட்கிழமை காலையில் முதல் விமானம் கிளம்புமுன், சமையல்காரரிலிருந்து தளபதிவரை எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி ஓடுபாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரிசை கட்டி, தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஆணி, கல், தகரத் துண்டு, எது கிடந்தாலும் பொறுக்குவார்கள். ஒரு கூழாங்கல் போதும், எஞ்சின் அதை உறிஞ்சினால் ஆள் காலி. முப்பத்திரண்டு வருடமாக அந்த நடையை யாரும் நடக்கவில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

எல்லாரும் கொட்டகைக்குள் வந்து, சுவருக்குச் சுவர் வரிசை அமைந்தது. கிழவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், அப்பாவின் கதை கேட்டு வளர்ந்த மகள்கள், கையில் குழலோடு பேண்டு வாத்தியக்காரர்கள், கடைசியில் மேயரும். கர்னலைப் பக்கத்தில் இருந்த யாரோ நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். "நான் நடப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியோடு வரிசையில் நுழைந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள். முந்நூறு பேர் தலை குனிந்து மெதுவாக நடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கொட்டகைக்குள் கேட்டது.

அடேலா இறக்கைக்குக் கீழே நின்று பார்த்தாள். தன் ஒரு பேச்சுக்காக ஒரு ஊரே குனிந்து நடக்கிறது. பெருமையாக இருந்தது, வேறு சொல் எதற்கு? நெஞ்சு கொள்ளாத பெருமை.

வரிசை சரக்கு விமானத்தைத் தாண்டியது, ஹெலிகாப்டரைத் தாண்டியது, கொட்டகையின் கோடியில் இருக்கிற விண்வெளிப் பகுதிக்கு வந்தது. அங்கே விண்கல மாதிரிக்குப் பக்கத்தில் ரமோனா திடீரென்று நின்றுவிட்டாள்.

"ஐயையோ" என்றாள். "நேத்து மத்தியானம் இந்தக் கதவு ஆடுதுன்னு அடேலாவ நான்தான கூப்பிட்டேன்!"

விண்கலக் கதவின் மேல்விளிம்பில், அட்டகாசமாக, குட்டை ஸ்க்ரூ டிரைவர் உட்கார்ந்திருந்தது.

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அடேலாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஆனால் யாரும் அவளைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கவில்லை என்பதும் கேட்கும்போதே தெரிந்தது.

"என் தப்புதான்!" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். "ஒத்துக்கறேன்! கொண்டாங்க இங்க!"

அது முந்நூறு கை மாறி வந்து சேர்ந்தது. குழியில் வைத்தாள். முதல் இழுப்பறையிலிருந்து கடைசி இழுப்பறைவரை எண்ணினாள். அவசரப்படவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. பதிவேட்டில் தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்திட்டாள். கயிற்றை அவிழ்த்தாள்.

கர்னல் ப்ரூவிட் முன்னால் வந்து நின்றார். நடந்த களைப்பில் மூச்சு வாங்கியது.

"உன் குறிக்கு மேல கையெழுத்துப் போட்டது நான்," என்றார். "'விமானத்தில் இல்லை'ன்னு என் கையால எழுதினேன். இல்லன்னு தெரிஞ்சு எழுதல. எனக்கு மார்க்கு போகுதேன்னு எழுதினேன். அதுக்கப்புறம் நானே முப்பத்தோரு தடவ இதுல பறந்திருக்கேன்."

"தெரியும், கர்னல். எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். டயர் பட்டறை ஜன்னல்லேர்ந்து ஓடுபாதை தெரியும். ஒவ்வொரு தடவையும் நீங்க தரை இறங்குற வரைக்கும் நான் உக்காந்ததில்ல."

அவர் முதுகை நிமிர்த்தி, இரவல் கேட்கிற விமானி எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"விமானம் தயாரா, சீஃப்?"

நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்தச் சொல் அவளைத் தேடி வந்தது, அதுவும் அதைப் பறித்த வாயிலிருந்தே.

"தயார், கர்னல்."

அவர் படியில் ஒரு காலை வைத்தார். அடேலா கையைக் குறுக்கே நீட்டினாள்.

"முதல்ல சட்டைப் பையெல்லாம் காலி பண்ணுங்க."

டுவேன் பதறிப்போய் அவளைப் பார்த்தான். கர்னல் கைத்தடியை டுவேனிடம் கொடுத்தார். சீப்பு, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஹோட்டல் அறைச் சாவி, இரண்டு பெப்பர்மின்ட் மிட்டாய். ஒவ்வொன்றாக எடுத்து, ஊரே பார்க்க, அவள் நீட்டிய தொப்பியில் வைத்தார்.

"அவ்வளவுதானா?"

அவர் மேல்பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு பேனா இருந்தது. எடுத்துப் போட்டார்.

"இப்ப அவ்வளவுதான், சீஃப்."

"சரி. ஏறுங்க" என்றாள் அடேலா.